ஆறு அங்குலக் கண்ணாடியில் ஒரு குழி

அக்டோபர் 5, சனி

இந்த நோட்டு வாங்கி நாலு நாள் ஆகிறது. முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து மூடியே வைத்திருந்தேன். இன்று காலை முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்குள் சட்டை எதற்கு என்று மாராத்தா கேட்டாள். எழுதப் போகிறேன் என்றேன்.

"யாருக்கு, கலெக்டருக்குங்களா?" என்றாள். என் வீட்டுக்காரி. நாற்பத்து நாலு வருஷமாக இதே வாய்.

என் பெயர் திருமூர்த்தி. வயது அறுபத்தொன்பது. ஊர் உடுமலை. முப்பத்தோரு வருஷம் மொசைக் தரைக்கு பாலீஷ் போட்டேன். எட்டு மாதத்துக்கு முன்பு வரை என் பெயரை யாராவது எழுதித் தலைகீழாகக் காட்டினாலும் எனக்குத் தெரிந்திருக்காது. முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டு, சோப்பு உறை, சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி எல்லாம் படிக்கிறேன். இந்தத் தெருவில் யார் செத்தாலும் முதலில் எனக்குத்தான் தெரிகிறது.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. தூரத்தில் வைத்துப் பார்த்தேன். நானா எழுதினேன் இதை!

அக்டோபர் 6

தொலைநோக்கி விஷயத்தை எழுத வேண்டும்.

ஆகஸ்டில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பெரிய குழாயை நிறுத்தி வானத்தைக் காட்டினார்கள். வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் முப்பது பேர். கண்ணை வைத்து இரண்டு மூச்சு விடுவதற்குள் "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு மூச்சுக்குள் சனியைப் பார்த்துவிட்டேன். ஒரு பால்ரஸ் குண்டு. அதைச் சுற்றி ஒரு வாஷர். வாஷர் குண்டின் மேல் ஒட்டவில்லை, நடுவில் சந்து விட்டு நின்றது. யார் மாட்டினார்கள் அதை? வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

குழாயின் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'செய்தவர்: ரெஜினா, கணபதி பஸ் ஸ்டாப் அருகில், கோவை.' கீழே போன் நம்பர். யாரையும் கேட்காமல் நானே படித்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும்.

சனியை நிதானமாக, யாரும் தள்ளாமல் பார்க்க எனக்கு ஒரு குழாய் வேண்டும். பணத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுத மாட்டேன். அது மாராத்தாவும் நானும் பேசி முடித்த பேச்சு. அவளுக்குப் பணம் பயமில்லை. சனிதான் பயம்.

"அவரு நம்மளப் பாக்காம இருக்கோணும்னு வாராவாரம் எள்ளு வெளக்குப் போடறேன். நீங்க போயி அவரைப் பாக்கறேங்கறீங்க. கோயில்லகூட அவருக்கு நேரா யாராச்சும் நிக்கறமா? ஓரமா நின்னு கும்புட்டுப்போட்டு வாரதில்லைங்களா?"

"அது கோயிலு. இது கண்ணாடி."

"கண்ணாடின்னா அவருக்குத் தெரியாதுங்களா?"

அக்டோபர் 9

கோவை போனேன். ரெஜினா அம்மிணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில் வேலை. இப்போது தகரக் கொட்டகையில் தனியாகத் தொலைநோக்கி செய்கிறாள். கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது, சந்தோஷத்தில். எமரித் தூள் வாசனை! தரைக்குப் போடுகிற அதே தூள். முதலில் கொரகொரப்பு, அப்புறம் நைஸ், அப்புறம் அதைவிட நைஸ். கண்ணாடியை அப்படித்தான் தேய்த்துக் குழிவாக்குகிறாள். கடைசியில் தார் போன்ற தட்டில் சிவப்புத் தூள் தடவி மெருகு.

"ஐயாவுக்கு எதைப் பாக்கோணும்? கிரகமா, நட்சத்திரக் கூட்டமா?"

"சனி."

"சனி மட்டுமா?"

"மிச்சமிருந்தா வியாழன்."

சிரித்தாள். இரண்டு குழாய் காட்டினாள். ஒன்று எட்டு அங்குலக் கண்ணாடி, தடித்த குட்டைக் குழாய். இன்னொன்று ஆறு அங்குலம், ஒல்லியாக ஐந்தடி நீளம். எனக்கு எட்டு அங்குலத்தின் மேல் ஆசை. பெரியதுதானே நல்லது?

"மங்கலான பொருளுக்குப் பெருசு வேணுங்க, வெளிச்சத்தை அள்ளிட்டு வரும். சனிக்கு வெளிச்சம் பஞ்சமில்ல, தெளிவுதான் வேணும். நீளக் குழாயில படம் பெருசா, கூர்மையா வரும். ஒரே தொந்தரவு, கண்ணு வெக்கற எடம் ஒசரத்துல இருக்கும். உங்க முழங்கால் எப்படி?"

"தரையில குத்த வெச்சே முப்பது வருஷம் போச்சு. நிக்கறது கஷ்டம்."

என்னை உட்கார வைத்து, தரையிலிருந்து என் கண் வரை டேப் வைத்து அளந்தாள். மூன்று உயரத்தில் மாற்றி உட்காரும் ஸ்டூல் ஒன்றும் செய்து தருகிறாளாம். என் கண்ணுக்கு அளவெடுத்துச் செய்யும் குழாய்! சட்டைக்கு அளவு கொடுத்திருக்கிறேன். கண்ணுக்குக் கொடுத்தது இப்போதுதான்.

"எந்தக் கண்ணுல பாப்பீங்க?"

"இடது."

வலது கண்ணில் இருபது வருஷத்துக்கு முன்பு கல் சில்லு தெறித்தது. அதில் வெளிச்சம் மட்டும் தெரியும். இடது கண் நன்றாக இருக்கிறது.

ஆறு அங்குலம், ஐந்தடி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12, சனி

இந்த நோட்டு சரியில்லை. நடுப் பக்கங்களில் கோடு வளைந்து அச்சாகியிருக்கிறது. கடைக்காரரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானுங்களே இருக்குது" என்றார். புதியது ஒன்று பிரித்துக் காட்டினார். அதிலும் வளைவு. அந்தக் கம்பெனியே சரியில்லை.

அக்டோபர் 15

டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டேன். இடம் இருட்டு.

அக்டோபர் 20

காலையில் மாராத்தா வாசலில் புள்ளிக் கோலம் போட்டாள். நடுவில் இரண்டு மூன்று புள்ளிகளை விட்டிருந்தாள். "வயசாயிருச்சு உனக்கு, புள்ளி வுட்டுப்போட்ட" என்று கேலி செய்தேன்.

அவள் கோலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எங்கீங்க?" என்றாள். விரலால் காட்டினேன். காட்டிய இடத்தில் புள்ளி இருந்தது. அதற்குப் பக்கத்தில் காட்டினேன். அங்கேயும் இருந்தது.

"சும்மா சொன்னேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 28

மழை. வெளியே போகவில்லை. இந்த நோட்டை மாராத்தாவால் படிக்க முடியாது என்பது ஒரு வசதி. இங்கே எதை எழுதினாலும் வீட்டுக்குத் தெரியாது. ஆனாலும் எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 6

இன்று கண்ணாடியைச் சோதிக்கும் நாள். ரெஜினாவின் கடையில் ஒரு வழக்கம். மெருகு முடிந்ததும், மேலே வெள்ளி மாதிரிப் பூசுவதற்கு அனுப்பும் முன், வாங்குகிறவர் தன் கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சொல்லாமல் அனுப்ப மாட்டாள்.

கண்ணாடியைப் பத்தடி தள்ளி நிறுத்தினாள். என் முன்னால் ஒரு சின்ன விளக்கு. அதன் எதிரே மெல்லிய கோடுகள் போட்ட ஒரு பட்டை. அதன் வழியாகப் பார்த்தால் கண்ணாடி முழுக்கக் கறுப்புக் கோடுகள் தெரிகின்றன, கம்பி போட்ட ஜன்னல் மாதிரி.

"நீளக் குழாய்க் கண்ணாடிக்குக் கோடு நேரா நிக்கோணும். நின்னா கண்ணாடி சுத்தம். நடுவால பாருங்க."

பார்த்தேன். நடுவுக்குச் சற்று வலப்பக்கம் கம்பிகள் உள்ளே இழுத்தாற்போல வளைந்திருந்தன.

"அம்மிணி, நடுவுல பள்ளம் இருக்குது."

அவள் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு நேராத்தானுங்க தெரியுது."

"முப்பத்தோரு வருஷம் தரை பாத்தவன் நான். வலப்பக்கம் குழி வாங்கியிருக்குது."

அவளுக்கு என் வேலை மேல் மரியாதை. மறுபடி பார்த்தாள். பிறகு, "இன்னொருக்கா மெருகு போடறேன். பத்து நாள் குடுங்க" என்றாள்.

சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பஸ்ஸில் பெருமையாக வந்தேன். வழியில் ஒரு மைல்கல்லைப் படிக்கப் பார்த்தேன். ஊர்ப் பெயரில் நடு எழுத்து அழிந்திருந்தது. அடுத்த கல்லிலும் நடு எழுத்து அழிந்திருந்தது.

நவம்பர் 16, சனி

மறுபடி சோதனை. மறுபடி அதே இடத்தில் வளைவு.

ரெஜினா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு பண்ணலாமுங்க. கண்ணாடியைப் பாதிச் சுத்து திருப்பறேன். குழி கண்ணாடியில இருந்தா அதுவும் கூடவே திரும்பி இடப்பக்கம் வரும்."

திருப்பினாள்.

நான் பார்த்தேன். குழி வலப்பக்கமே இருந்தது.

"எந்தப் பக்கமுங்க ஐயா?"

கொட்டகையில் மின்விசிறிச் சத்தம். தரையில் எங்கே தப்பு, மெஷினில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிற வேலை செய்தவன். எனக்குப் புரியாமல் இல்லை.

"இடப்பக்கம்" என்றேன்.

"அப்ப கண்ணாடிதான்" என்றாள். அவள் முகம் சுருங்கியது. "மன்னிச்சுக்குங்க ஐயா. என் கண்ணுக்குத் தெரியல. திரும்பத் தேய்க்கறேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

நவம்பர் 17

பழைய சாக்கிலிருந்து மட்டக்கோலை எடுத்தேன். நாலடி அலுமினியம். எத்தனையோ தரை இதற்குக் கீழே சரியாகியிருக்கிறது. நோட்டின் கோட்டின் மேல் வைத்தேன். கோடு வளைந்தது. கோலும் வளைந்தது.

விரலை ஓட்டினேன். கோல் நேராக இருக்கிறது. கை சொல்வதுதான் நிஜம். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினேன். குழியும் கூடவே நகர்ந்தது. கதவைப் பார்த்தேன், கதவில் குழி. காலண்டரைப் பார்த்தேன், தேதி இருக்கும் இடத்தில் புகை. மாராத்தா உள்ளிருந்து வந்தாள். அவளுக்கு மூக்கு இல்லை.

கோலைச் சாக்கில் போட்டுக் கட்டினேன்.

நவம்பர் 18

பயமாக இருக்கிறது.

நவம்பர் 20

வலது கண்ணை மூடினால் உலகம் மாறுவதில்லை. இடது கண்ணை மூடினால் சாம்பல் வெளிச்சம் மட்டும். இடதும் போனால் அந்தச் சாம்பல்தான். அதில் எழுத்து கிடையாது. இப்போதுதானே வந்தது எனக்கு எழுத்து! அறுபத்தெட்டு வருஷம் இல்லாமல் இருந்தேன், அப்போது இந்த வலி இல்லை.

டாக்டரிடம் போனால் கண்ணுக்குள் ஊசி போடுவார்களாம். டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கண்ணுக்குள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சனியைப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்குள் சனி என்னைப் பார்த்துவிட்டதோ? மாராத்தாவிடம் இதைச் சொன்னால் ஒடிந்துபோவாள். அவள் சொன்னபடி நடந்தது என்று நினைப்பாள்.

நவம்பர் 23, சனி

மாராத்தா கோயிலிலிருந்து வந்து என் நெற்றியில் திருநீறு வைத்தாள். வழக்கத்தைவிட அதிகம். கண்ணில் விழுந்தது. "கண்ணு பத்திரமுங்க" என்றாள். அதை ஏன் இரண்டு தரம் சொன்னாள்?

நவம்பர் 25

ரெஜினா போனில் பேசினாள். நடுவைச் சரிசெய்யப் போய்க் கண்ணாடியின் ஓரம் தேய்ந்து இறங்கிவிட்டதாம்.

"எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போச்சுங்க ஐயா. எத்தனையோ கண்ணாடி செஞ்சேன், அதுல எல்லாம் என்ன குழி இருந்துச்சோ? ஒரு காலேஜ் ஆர்டர் வந்துது. இப்ப முடியாதுன்னு சொல்லிட்டேன்."

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு இருக்கிற குழியை எடுத்து ஒரு நல்ல கண்ணில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 26

கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் முதல் கடிதம். போனில் சொன்னால் பாதியில் பொய் சொல்லிவிடுவேன். எழுதியதைப் பார்த்து இங்கே மறுபடி எழுதி வைக்கிறேன்.

'ரெஜினா அம்மிணிக்கு, திருமூர்த்தி எழுதுவது. யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன். உன் கண்ணாடியில் குழி இல்லை. அன்று நீ திருப்பியபோது குழி திரும்பவில்லை, வலப்பக்கமே நின்றது. நான் இடப்பக்கம் என்று பொய் சொன்னேன். குழி என் கண்ணில் இருக்கிறது. பயந்துவிட்டேன். உன் கண் நல்ல கண். காலேஜ்காரர்களைக் கூப்பிட்டுச் செய்து தருகிறேன் என்று சொல். எனக்குக் குழாய் வேண்டாம். வீட்டில் தெரியாது.'

நாலு முறை கிழித்து எழுதினேன். கோட்டில் நிற்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று எழுத இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதினேன்.

நவம்பர் 27

கடிதம் பையிலேயே இருக்கிறது. தபால் பெட்டி வரை இரண்டு தரம் போய்வந்தேன்.

நவம்பர் 28

போட்டுவிட்டேன். திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

டிசம்பர் 2

பகல் பதினோரு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். ரெஜினா. கோவையிலிருந்து இவ்வளவு தூரம் அதிலேயே வந்திருக்கிறாள். கையில் என் கடிதம்.

நான் எழுந்து நின்றேன். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை நாளா ஐயா?"

"ஒரு மாசம். ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா! மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில பதினாறு வருஷம் இருந்தேனே, கோடு வளைஞ்சு தெரியுதுன்னு வந்தவங்களை அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். நீங்க எங்கிட்டயே வளைஞ்சிருக்குதுன்னு சொல்றீங்க, நான் கண்ணாடியைத் தேய்ச்சுட்டு இருக்கறேன்! எனக்குப் புத்தி வேண்டாமா?"

நான் பயந்ததெல்லாம் மாராத்தாவைப் பற்றி. அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

"அந்தக் கோலத்தன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"தெரியுமா?"

"நாப்பது வருஷமா நான் புள்ளி வுட்டதில்ல. அப்பறம் உங்க நோட்டைத் தெனம் பொறட்டிப் பாத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாதுங்க, வரிசை தெரியுமில்லீங்களா? மொதப் பக்கம் நெல்லு காயப்போட்டாப்புல இருந்துச்சு. வரவர ஆடு மேஞ்ச காடாட்டம் ஆயிப்போச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லைம்பீங்க. அப்பறம் அந்தக் குழாயி வேண்டாம்ங்கறதுக்காகத்தான் நான் சொல்றேன்னு நெனப்பீங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் பயமுங்க" என்றாள்.

ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பயத்தைப் பயந்திருக்கிறோம்.

ரெஜினா ஆட்டோ கூப்பிட்டாள்.

டிசம்பர் 3

நேற்று கண் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டம் போட்ட அட்டையைக் காட்டினார்கள். நடுவில் ஒரு புள்ளி. "கோலமாட்டமே இருக்குது" என்றாள் மாராத்தா. புள்ளியைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். புள்ளி எனக்குத் தெரியவில்லை. கட்டங்கள் தண்ணீரில் போட்டாற்போல நெளிந்தன.

கண்ணுக்குப் பின்னால் ஒரு திரை இருக்கிறதாம். அதன் நடுவில் கசிவு.

"போனது திரும்பி வருமுங்களா?" என்று மாராத்தா கேட்டாள்.

"கொஞ்சம் வரலாம். நடுவுல தழும்பு விழுந்த இடம் வராது. ஊசி போட்டா மேல பரவாம நிறுத்தலாம். இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

"கண்ணுக்குள்ளயா ஊசி?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"கண்ணுக்குள்ளதான். மாசம் ஒண்ணு."

டிசம்பர் 5

நாளைக்கு ஊசி. கை எழுத மறுக்கிறது. மாராத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். நாளைக்குச் சமையலே கிடையாது. எதற்கு இவ்வளவு வெங்காயம்?

டிசம்பர் 8

போட்டார்கள். கண் மரத்துப்போக மருந்து விட்டபின் ஒரு அழுத்தம், அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஒரு நிமிஷம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. மூடிய கதவுக்கு வெளியே மாராத்தா சத்தமாகச் சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

இரண்டு நாள் எழுதக் கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் இது.

டிசம்பர் 20

எழுத்தை நேராகப் பார்த்தால் அது காணாமல் போகிறது. அதன் மேலே, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரத்தில் வருகிறது. பெரிதாக எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழு வரி. இனி நோட்டு சீக்கிரம் தீரும்.

ஜனவரி 4, சனி

ரெஜினா குழாயைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று எழுதியிருந்தேனே என்றேன்.

"உங்க கண்ணுக்கு அளவெடுத்தது. வேற யாரு தலையில கட்டறது?" என்றாள்.

கண்ணாடியின் இறங்கிப்போன ஓரத்தை ஒரு கறுப்பு வளையம் போட்டு மறைத்திருக்கிறாள். ஆறு அங்குலம் இப்போது ஐந்தே முக்கால். அந்தக் கால் அங்குலம் என் பொய். "இனி இதுல பொய் தெரியாதுங்க" என்றாள். காலேஜ் வேலையை மறுபடி எடுத்துக்கொண்டாளாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரம். மொட்டைமாடியில் ஸ்டூலை நடு உயரத்தில் போட்டாள். மேற்கே சனி. ரெஜினா குழாயைத் திருப்பி நிறுத்திவிட்டு நகர்ந்தாள். எனக்குப் பின்னால் வரிசை இல்லை. எத்தனை மூச்சு வேண்டுமானாலும் விடலாம்.

கண்ணை வைத்தேன். ஒன்றும் இல்லை. வட்டமான வானம், நடுவில் என் குழி. சனி அதற்குள் விழுந்துகிடந்தது.

"இல்லை" என்றேன்.

"நேராப் பாக்காதீங்க ஐயா. நாங்க மங்கலானதைப் பாக்கறப்ப ஓரக்கண்ணாலதான் பாப்போம். பக்கத்துல பாருங்க" என்றாள் ரெஜினா.

"அதைத்தானுங்க நானும் அன்னிக்கே சொன்னேன்!" என்றாள் மாராத்தா. எள் விளக்கு ஏற்றிவிட்டு அப்போதுதான் படியேறி வந்திருந்தாள். "அவருக்கு நேரா நிக்கக் கூடாதுன்னு."

வட்டத்தின் ஓரத்தைப் பார்த்தேன். குழி அங்கே போயிற்று. நடுவில் சனி எழுந்தது. மஞ்சளாக, இரண்டு பக்கமும் காது நீண்டு. நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். கீழ்வீட்டில் நாய் குரைத்தது.

ஆனால் அந்தச் சந்து தெரியவில்லை. குண்டுக்கும் வாஷருக்கும் நடுவில் இருக்கும் இருட்டு. ஆகஸ்டில் இரண்டு மூச்சில் பார்த்தது. ஓரக்கண்ணுக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் எல்லாம் ஒன்றாக ஒட்டியே தெரிந்தது.

"என்னங்க?" என்றாள் மாராத்தா.

"ஒட்டியிருக்குது. வளையம் தனியா நிக்குதான்னு எனக்குத் தெரியல. இனித் தெரியாது."

அவள் குழாயை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தள்ளுங்க."

"மாராத்தா, நீ..."

"தள்ளுங்கன்னா."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையைக் கூப்பிக்கொண்டே குனிந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். "கண்ணைத் தொறக்கோணும் அம்மா" என்றாள் ரெஜினா மெதுவாக. திறந்தாள்.

வாரம் தவறாமல் யாருடைய பார்வைக்கு ஒதுங்கி நின்றாளோ, அவருக்கு நேராக. அவள் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. எழுந்திருக்கவுமில்லை.

"எள்ளுருண்டையத் தட்டத்துல வெச்சாப்புல இருக்காரு."

"தட்டம் ஒட்டியிருக்குதா?"

"இருங்க." மூச்சு விட்டாள். "ஒட்டலைங்க. ரெண்டு பக்கமும் சந்து இருக்குது. ஊசி நொழையற அளவு. உள்ளார இருட்டா இருக்குது."

"நல்லாப் பாத்தியா?"

"நேராப் பாத்தேன்" என்றாள்.

ஆறாம் தேதி அடுத்த ஊசி.